கால் சூப்பா, கிளைசின் பவுடரா?

அம்மாவுக்கு முட்டி வீக்கம், கூடவே பிபி. பழைய வண்ணாரப்பேட்டையில் யாரைக் கேட்டாலும் "கால் சூப் வெச்சுக் குடு" என்பார்கள். கிளைசின் பவுடர் பற்றி நான் படித்து வைத்திருந்தேன். டாக்டரிடம் கேட்டுவிட்டு இரண்டையும் கொடுத்துப் பார்த்தோம். இப்போது பவுடரோடு நிற்கிறோம்.

இரண்டிலும் நமக்கு வேண்டியது ஒரே அமினோ அமிலம்தான், அதாவது புரதத்தைக் கட்டும் சிறு துண்டு. அமினோ அமிலங்களில் மிகச் சிறியது கிளைசின். எலும்பு, தோல், மூட்டு ஜவ்வில் உள்ள கொலாஜன் என்ற புரதத்தில் மூன்றில் ஒரு கண்ணி இதுதான். வீக்கத்துக்குப் பின்னால் இருக்கும் அழற்சிக்கும் இதற்கும் என்ன தொடர்பு? கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்லின் மேல் கிளைசினுக்கென்று ஒரு வாசல் உண்டு. அது திறந்தால் குளோரைடு உள்ளே போகும், கால்சியம் நுழைவது குறையும், டிஎன்எஃப் ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருளை அந்த செல் கொட்டுவதும் மட்டுப்படும். இதெல்லாம் பெரும்பாலும் எலிகளிலும் ஆய்வகச் செல்களிலும் பார்த்தது. ஹூஸ்டனின் பேய்லர் மருத்துவக் கல்லூரியில் வயதானவர்களுக்குக் கொடுத்தபோது அழற்சிக் குறியீடுகள் இறங்கின. ஆனால் அங்கே என்-அசிடைல்சிஸ்டைன் என்ற இன்னொரு பொருளையும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள், ஆட்களும் கொஞ்சம் பேர்தான். கிளைசின் தனியாக அதே வேலையைச் செய்யும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது.

ருசியில் சூப்தான். அதில் பேச்சே இல்லை. புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டி பக்கத்தில் இருப்பதால் நல்ல கால் கிடைப்பதும் சுலபம்.

எங்களுக்கு முடிவு செய்து கொடுத்தது உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாயங்காலம் தள்ளுவண்டியில் வாங்கும் சூப்பில் எவ்வளவு உப்பு, எவ்வளவு அஜினோமோட்டோ என்று நமக்குத் தெரியாது. வீட்டில் உப்பைக் குறைத்து வைத்தால் அம்மா இரண்டு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளிவிடுவார். தினமும் தர வேண்டிய ஒன்றுக்கு இது பெரிய சிக்கல்.

அப்புறம் அளவு. கால் வேகும்போது கொலாஜன் ஜெலட்டினாகச் சூப்பில் இறங்கும். ஜெலட்டின் எடையில் நாலில் ஒரு பங்கு அளவுக்குக் கிளைசின் என்று வைத்தால், நாங்கள் கொடுக்கும் 3 கிராம் கிளைசின் கிடைக்க ஒரு கிண்ணத்தில் 10 கிராமுக்கு மேல் ஜெலட்டின் இறங்கியிருக்க வேண்டும். நன்றாக வெந்த சூப் ஃபிரிட்ஜில் வைத்தால் அல்வா மாதிரி கட்டியாகும், கரண்டியைக் குத்தினால் ஆடும். எங்கள் வீட்டில் ஒரு வாரம் கட்டியானது, அடுத்த வாரம் தண்ணீராகவே கிடந்தது. ஆட்டுக்காலை வாட்டிச் சுரண்டி, குக்கரில் மணிக்கணக்கில் வைத்து, கடைசியில் எவ்வளவு இறங்கியது என்றே தெரியாமல் கொடுப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

பவுடரில் இந்தத் தலைவலி இல்லை. லேசான தித்திப்பு, வெந்நீரில் உடனே கரைகிறது, சமையலறைத் தராசில் 3 கிராம் நிறுத்துக் கொள்ளலாம். வேறு எதுவும் கலக்காததா, எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இருக்கிறதா என்று பாக்கெட்டில் பார்த்து வாங்குங்கள். அதிகம் போட்டால் வயிறு இளகும்.

வீக்கம் கொஞ்சம் வாடியிருக்கிறது. அம்மா காலையில் நடக்கவும் ஆரம்பித்திருக்கிறார், அதனால் முழுப் பெருமையையும் பவுடருக்குக் கொடுக்க மாட்டேன். நன்றாகத் தூங்குகிறார், அது மட்டும் கண்கூடு.

சிறுநீரகம், கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் மனநோய்க்குக் குளோசபின் மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் பவுடரைத் தொட வேண்டாம். பிபி இல்லாதவர், வீட்டில் பொறுமையாகச் சமைக்க ஆள் இருப்பவர் என்றால் தாராளமாக சூப் பக்கமே போகலாம்.