திருக்கடையூரில் மணிவிழா: ஏற்பாட்டாளரின் சேவை எப்படி இருந்தது?

எங்கள் அப்பா 1965-ஆம் ஆண்டு, விசுவாவசு வருடம் ஆவணி மாதம் பிறந்தவர். அறுபது வருடச் சுழற்சி முடிந்து அதே விசுவாவசு மீண்டும் வந்த 2025 ஆவணியில், அவருடைய ஜன்ம நட்சத்திரத்தன்று, திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் கோயிலில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மணிவிழா நடத்தினோம். சென்னை, கோவை, பெங்களூரு ஆகிய மூன்று ஊர்களிலிருந்து 42 பேர் வரவேண்டியிருந்தது. எங்களில் ஒருவருக்கும் அந்த ஊர் பழக்கமில்லை. ஆகவே அறை, பூஜை, சாப்பாடு, மேளம், புகைப்படம் அனைத்தையும் உள்ளூர் ஏற்பாட்டாளர் ஒருவரிடம் ஒப்படைத்தோம்.

முதல் தொலைபேசி உரையாடலிலேயே அவர்மேல் நம்பிக்கை வந்தது. என்றைக்கு வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அப்பாவின் தமிழ் மாதத்தையும் நட்சத்திரத்தையும் கேட்டு, பஞ்சாங்கம் பார்த்துத் தேதியை அவரே சொன்னார். 59 முடிந்து 60 தொடங்கும்போது உக்ரரத சாந்தி, 60 நிறைந்ததும் சஷ்டியப்த பூர்த்தி, 70-இல் பீமரத சாந்தி, 80-ஐக் கடந்து ஆயிரம் பிறை கண்டவர்களுக்குச் சதாபிஷேகம் என்று, எது எப்போது செய்யப்படுகிறது என்பதையும் பொறுமையாக விளக்கினார். நாங்கள் 64 கலசம் வைக்கலாமா என்று கேட்டபோது, "பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆளுக்கொன்று ஊற்றுவதற்குப் பதினாறே போதும்மா" என்றார். கூடுதலாக வாங்கிக்கொள்ள வாய்ப்பிருந்தும் வேண்டாம் என்று சொன்ன அந்த நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

உழவன் விரைவுவண்டியில் வந்தவர்கள் விடியலுக்கு முன்பே மயிலாடுதுறையில் இறங்கினார்கள். வேன் அதற்கு முன்னரே வந்து நின்றது. கோபூஜை, கஜபூஜை முடிந்து ஹோமத்தில் அமரும் வரை எங்களை யாரும் விரட்டவில்லை. அதே முகூர்த்தத்தில் மண்டபத்தில் இன்னும் பல தம்பதியர் அமர்ந்திருந்தார்கள். ஒரு குழுவின் மந்திரம் அடுத்த குழுவின் மேளத்தில் கரைந்துபோகும் அளவுக்கு இரைச்சல் இருந்தது. அந்தத் தலத்தில் அதைத் தவிர்க்க இயலாது. ஆனால் எங்கள் குருக்கள் ஒவ்வொரு சங்கல்பத்தையும் அப்பா தெளிவாகத் திருப்பிச் சொல்லும் வரை காத்திருந்தார். கலச நீரை ஊற்றும் நேரத்தில் அம்மாவின் தலைக்கு மேல் சல்லடையைப் பிடித்திருந்த என் கை நடுங்குவதைக் கண்டு, மந்திரத்தை நிறுத்தாமலேயே என் முழங்கைக்குக் கீழே தம் கையைக் கொடுத்தார். நனைந்த இருவரும் எழுந்தவுடன் உலர்ந்த துண்டோடு ஒரு பெண்மணி தயாராக நின்றார். கூறைப்புடவை மடிப்புக் கலையாமல் உடைமாற்றும் அறையில் காத்திருந்தது. சடங்கைப் பொறுத்தவரை ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

குறை முழுவதும் தங்குமிடத்தில்தான். "எல்லா வசதியும் உண்டு" என்று சொல்லப்பட்ட விடுதியில் லிஃப்ட் இல்லை. 84 வயதான எங்கள் பாட்டிக்கு இரண்டாவது மாடியில் அறை ஒதுக்கியிருந்தார்கள். தரைத்தள அறைகள் வேறொரு குடும்பத்துக்குப் போய்விட்டதால், சித்தப்பாவும் என் தம்பியும் பாட்டியை நாற்காலியில் அமர்த்தித் தூக்கிச் சென்றார்கள். முகூர்த்தம் முடிந்ததும் அவர் கீழே மண்டபத்திலேயே பாயில் படுத்துக்கொண்டார். வரப்போகிறவர்களில் முதியவர்கள் எத்தனை பேர், தரையில் அமர முடியாதவர்கள் எத்தனை பேர் என்று ஏற்பாட்டாளர் ஒரு முறையாவது கேட்டிருக்க வேண்டும். மணிவிழாவுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அந்த வயதினர் அல்லவா? இன்னொன்று, பந்தியில் ஒன்பது இலை கூடுதலாக விழுந்ததற்கு அவர் கேட்ட விலை, முன்பே பேசிய இலை விலையைவிட அதிகமாக இருந்தது. எடுத்துச் சொன்னதும் குறைத்துக்கொண்டார். ஆனாலும் அம்மா அபிராமி சன்னதியில் நின்றிருந்த நேரத்தில் நான் வாசலில் நின்று கணக்குப் பேச வேண்டியதாயிற்று. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஆகவே இவரை நாடுகிறவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அறைகளின் தளம், காலை, மதிய இலைகளின் எண்ணிக்கை, கூடுதல் இலையின் விலை, தட்சிணை தொகையில் அடங்குமா என்பது ஆகியவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு எங்கள் அத்தை வீட்டில் மாமாவுக்குப் பீமரத சாந்தி வருகிறது. அதே ஏற்பாட்டாளரிடம்தான் பேசியிருக்கிறோம். தரைத்தளத்தில் நான்கு அறைகள் உறுதி என்று அவர் எழுதி அனுப்பிய பிறகே முன்பணம் கொடுத்தோம்.