உளி தீட்டும் கோணம்: வெறுங்கையா, உருளைப் பிடிப்பானா, சாணைச் சக்கரமா?

25 டிகிரியா, 30 டிகிரியா என்று உளியைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடுவார்கள். கையால் தள்ளிச் சீவும் உளிக்கு 25 ஒட்டி, கொட்டாப்புளியால் அடித்துத் துளை எடுக்கும் உளிக்கு 30 முதல் 35 வரை. இதில் ஒரு டிகிரி கூடினாலும் குறைந்தாலும் மரத்துக்குத் தெரியப்போவதில்லை. போன முறை வைத்த கோணத்திலேயே இந்த முறையும் உளி கல்லில் அமர்கிறதா என்பதுதான் கேள்வி. அமராவிட்டால் சரிவு முழுவதையும், அதாவது வாயை நோக்கிச் சாய்வாகத் தேய்ந்திருக்கும் முகத்தை, புதிதாகத் தேய்த்து எடுக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை அரைமணி நேரம் இழுக்கும்.

வெறுங்கையில் ஆயத்தமே தேவையில்லை, கல்லும் உளியும் போதும். ஆனால் கை முன்னே போகும்போது மணிக்கட்டு தானாக உயர்கிறது. சரிவு தட்டையாக இல்லாமல் தொப்பை போடுகிறது. ஆறு மாதம் இப்படித் தீட்டிவிட்டு, உளி ஏன் மரத்தைச் சீவாமல் நசுக்குகிறது என்று விழித்தவன் நான். கோணமானி கையில் இல்லை; ஸ்கேல் இருந்தது. உளியின் கனம் 3 மி.மீ., சரிவின் நீளம் 5 மி.மீ. 30 டிகிரி என்றால் சரிவு கனத்தைப்போல் சரியாக இரண்டு மடங்கு, அதாவது 6 மி.மீ. இருக்க வேண்டும். 25 என்றால் 7-ஐச் சற்றே தாண்டும். என்னுடையது 37 டிகிரிக்கு ஏறியிருந்தது!

உளியின் பக்கங்களைக் கவ்வி, சின்ன உருளை மேல் ஓடும் பிடிப்பானில் இந்தத் தொப்பை வராது. வாய் எவ்வளவு வெளியே நீள்கிறதோ அதுதான் கோணத்தைத் தீர்மானிக்கிறது. பரவலாகக் கிடைக்கும் வகையில் 30 மி.மீ. நீட்டினால் 30 டிகிரி, 40 நீட்டினால் 25. அப்படியென்றால் 2 மி.மீ. பிசகுக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி. ஒவ்வொரு முறையும் ஸ்கேலை வைத்து அளந்தால் பிசகத்தான் செய்யும். பலகையின் விளிம்பிலிருந்து 30 மி.மீ. தள்ளி ஒரு மரத்துண்டை ஆணியடித்துவிடுங்கள்: பிடிப்பான் விளிம்பில் முட்ட, உளியின் வாய் துண்டில் முட்ட, திருகை இறுக்கினால் முடிந்தது. இந்தத் துண்டு இல்லாத பிடிப்பான் பாதிப் பிடிப்பான்தான். குறுகிய உளிதான் இதன் பலவீனம். 6 மி.மீ. உளி பக்கவாட்டில் ஆடி, வாய் கோணலாகிவிடும். விரலைப் பிடிப்பானில் அழுத்தாமல், வாயை ஒட்டி உளியின் மேல் வைத்தால் ஆட்டம் அடங்கும்.

சாணைச் சக்கரத்தின் கதை வேறு. அதன் வளைவு சரிவில் லேசான குழியை விடுகிறது. அந்த உளியைக் கல்லில் வைத்தால் நுனி, அடி என இரண்டு இடத்தில் தொட்டுத் தானே நிற்கும்; பிறகு வெறுங்கையே போதும். சூடுதான் எமன். வாய் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் எஃகின் பதம், அதாவது கடினம், போய்விட்டது, நீலம் முழுவதையும் தேய்த்துத் தள்ள வேண்டும். அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள்.

கல்லின் மேல் உளியைச் சாய்த்து வைக்கும் ஆப்புக்கட்டைகள் தொடக்கத்தில் கோணத்தைக் காட்டும். இரண்டு இழுப்புக்குப் பிறகு கை தன் வழியில் போய்விடும்.

என் தேர்வு: புதியவருக்கு முட்டுத்துண்டோடு பிடிப்பான். அன்றாடம் உளி பிடிப்பவருக்குச் சக்கரத்தில் 25, கல்லில் நுனிக்கு மட்டும் 30. எந்த வழியானாலும் முதல் இழுப்புக்கு முன் சரிவில் மார்க்கர் மை பூசிப் பாருங்கள். நுனியில் மட்டும் மை அழிந்தால் உளி அதிகம் நிமிர்ந்திருக்கிறது. அடியில் மட்டும் அழிந்தால் அதிகம் படுத்திருக்கிறது.