ஏலம் முடிந்ததும் வரும் முதல் மெசேஜ்: 22,800 ரூபாய் போன கதை

பழைய காசு, ஸ்டாம்பு, தீப்பெட்டிப் படம் என்று எதையாவது சேர்த்துக்கொண்டு, அறுபதைத் தாண்டி, வாட்ஸ்அப் ஏலத்திலும் கலந்துகொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சின்ன வயசுக்காரர்கள் யாராவது படித்தால் உங்கள் வீட்டுப் பெரியவருக்குப் படித்துக் காட்டுங்கள். போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, அரை மணி நேரத்துக்குள் என் கணக்கிலிருந்து 22,800 ரூபாய் போய்விட்டது. யாரும் திருடவில்லை, நானே இரண்டு தடவை பின் நம்பரைப் போட்டு அனுப்பி வைத்தேன்.

நான் 31 வருஷம் கண்டக்டராக இருந்தவன். பெரும்பாலும் மயிலாடுதுறையிலிருந்து திருக்கடையூர், தரங்கம்பாடி, பொறையாறு வழியாகக் காரைக்கால் போகிற வண்டி. அந்த ரூட்டில் கண்டக்டர் பைக்குள் விழாத காசு கிடையாது. டேனிஷ்காரர்கள் 1620-ல் தரங்கம்பாடிக்கு வந்து கோட்டை கட்டி, 1845-ல் இங்கிலீஷ்காரனுக்கு விற்றுவிட்டுப் போனார்கள் இல்லையா, நடுவில் அவர்கள் ஈயத்திலும் செம்பிலும் விட்ட காசுகளைக் கடல் இன்னமும் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. புயல் அடித்துக் கடல் புரண்ட மறுநாள் பையன்கள் கரையில் பொறுக்கி வைத்திருப்பார்கள், பச்சை பூத்து, ஓரமெல்லாம் அரித்துப்போய் இருக்கும், அதை நீட்டி டிக்கெட் கேட்பார்கள். என் சட்டைப்பை பணத்தைக் கண்டக்டர் பையில் போட்டுவிட்டு அதை நான் எடுத்துக்கொள்வேன். ஆரம்பம் அப்படித்தான். காரைக்கால் பக்கம் பிரெஞ்சுக்காரர்களின் செம்புக் காசு கிடைக்கும், ஒருபக்கம் அல்லிப்பூ சின்னம், மறுபக்கம் தமிழிலேயே ‘புதுச்சேரி’ என்று இருக்கும். முதல் தடவை அதைப் படித்த அன்றைக்கு இரண்டு ஸ்டாப்பில் டிக்கெட் போட மறந்தேன், செக்கர் ஏறாதது என் அதிர்ஷ்டம்.

ரிடையர் ஆன பிறகும் கண்காட்சி என்றால் திருச்சிக்கும் சென்னைக்கும் பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தேன். 2020 ஊரடங்கில் எல்லாம் நின்றது. மகன் தன் பழைய போனைக் கொடுத்துவிட்டுப் போனான், யாரோ ஒரு நண்பர் லிங்க் அனுப்ப, காசு சேர்ப்பவர்கள் குழு ஒன்றில் சேர்ந்தேன். அங்கே எனக்கு நல்ல மரியாதை. யாராவது மங்கலான படத்தைப் போட்டு இது என்ன காசு என்று கேட்டால் நான்தான் வாய்ஸ் மெசேஜில் சொல்வேன். ராமர் பட்டாபிஷேகம் போட்டு 1818 என்று ஆண்டு போட்ட கிழக்கிந்தியக் கம்பெனி அரை அணாவைக் கொண்டுவந்து லட்சம் போகுமா என்று வாரம் ஒருவர் கேட்பார், கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை, பூஜை அறையில் வைக்கப் பின்னால் யாரோ அடித்த டோக்கன் அது என்று வாரம் ஒரு தடவை சொல்வேன். (மெட்ராஸில் கம்பெனி அடித்த நட்சத்திர வராகன் என்ற தங்கக் காசில் பெருமாள் உண்டு, அது நிஜம், அது வேறு.)

ஆனால் ஒரு போட்டோவின் ஓரத்தை வெட்ட எனக்குத் தெரியாது. ஒருவர் போட்ட படத்துக்குக் கீழேயே பதில் போடுவது எப்படி என்று கற்றுக்கொள்ள எட்டு மாதம் ஆனது, அதுவரை நான் கேட்ட விலையெல்லாம் எந்தக் காசுக்கு என்று யாருக்கும் புரியாமல் சிரிப்பார்கள். வீட்டில் கேட்டால், “அப்பா, நேத்துதானே சொன்னேன்” என்று மகன் போனை வாங்கி, நாலு தட்டுத் தட்டி, திருப்பிக் கையில் கொடுத்துவிடுவான். வேலை முடிந்துவிடும், எனக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. என்னை ஏமாற்றியவன் நுழைந்த வழி அதுதான் என்பதால் இதைச் சொல்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை ஏலத்தில் டேனிஷ்காரர்களின் 10 காசு நாணயம் ஒன்று வந்தது. என்னிடம் ஒரு காசு, இரண்டு காசு, நாலு காசு மதிப்புள்ள நாணயங்கள் எல்லாம் இருக்கிறது, எல்லாம் கடல் தின்ற சரக்கு. இது தரையில் கிடைத்தது போல, கிரீடமும் அதற்குக் கீழே ராஜா பெயரின் எழுத்துகளைப் பின்னிப் போட்ட சின்னமும் அப்படியே நின்றது. விற்பவர் திருநெல்வேலிப் பக்கம், மூன்று வருஷப் பழக்கம், நல்ல மனிதர். எடை கேட்டேன், தராசில் வைத்துப் படம் அனுப்பினார். விளிம்பைக் காட்டச் சொன்னேன், சுற்றிலும் வீடியோ எடுத்து அனுப்பினார், வார்ப்பில் ஊற்றிய போலியாக இருந்தால் ஓரத்தில் ஒட்டுக்கோடு தெரியும், முகத்தில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும், இதில் ஒன்றும் இல்லை. காசு விஷயத்தில் நான் ஒரு தப்பும் செய்யவில்லை. ராத்திரி ஒன்பதரைக்கு 11,400-ல் எனக்கு முடிந்தது, அட்மின் ‘சோல்ட்’ என்று போட்டு என் பெயரையும் போட்டார்.

இரண்டே நிமிஷம். தனி மெசேஜ் வந்தது. விற்பவர் வைத்திருக்கும் அதே சோழர் காசுப் படம், அதே பெயர். “ஐயா வாழ்த்துகள், உங்க லாட் பேக் பண்ணிட்டேன், என் பழைய ஜிபே வேலை செய்யல, இந்த நம்பருக்குப் போட்டுடுங்க, திங்கட்கிழமை ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பிடுறேன்.” போட்டுவிட்டேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்திக் கவனியுங்கள். உங்கள் போனில் சேமிக்காத ஒருவர் மெசேஜ் அனுப்பினால் அவர் பெயருக்கு முன்னால் பாம்பு நெளிந்த மாதிரி ஒரு சின்ன வளைகோடு வரும். அந்தப் பெயர் அவர் தனக்குத் தானே வைத்துக்கொண்டது என்று அதற்கு அர்த்தம். யார் வேண்டுமானாலும் என்ன பெயரும் வைக்கலாம், யார் படத்தையும் எடுத்து ஒட்டலாம். உண்மையான விற்பவரின் நம்பரை நான் ஊர்ப்பெயரோடு சேமித்து வைத்திருந்தேன், அவர் பேசினால் அந்த ஊர்ப்பெயர் வந்திருக்க வேண்டும். வரவில்லை, வளைகோடுதான் இருந்தது. கண்ணில் பட்டது. போனில் ஏதோ மாறியிருக்கிறது, நமக்கு எங்கே தெரியப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் இருந்தது, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அந்தத் திருநெல்வேலிக்காரர் என்னை ஒருநாளும் ‘ஐயா’ என்று கூப்பிட்டதில்லை. மூன்று வருஷமாக ‘அண்ணாச்சி’தான்.

பணம் போன ஐந்து நிமிஷத்தில் போன் வந்தது. பணம் பாதியில் நிற்கிறதாம், சர்வர் பிரச்சினையாம், அதைத் திரும்ப அனுப்பிவிடுகிறானாம், அப்புறம் வேறு கணக்குக்கு நான் போட்டால் போதுமாம். “ஐயா, ஒரு க்யூஆர் படம் அனுப்பியிருக்கேன், வீட்ல வேற போன் இருக்கா?” என் வீட்டுக்காரி போன் இருந்தது. படத்தை அந்தப் போனுக்கு அனுப்பச் சொன்னான். எனக்கு ஃபார்வர்டு பண்ண வராது என்றேன். சிரிக்கவே இல்லை. படத்தை அழுத்திப் பிடிங்க, மேலே வலதுபக்கம் அம்புக்குறி தெரியுதா, அவசரமே இல்லை, பொறுமையா பாருங்க ஐயா என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். நான் இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன், “பரவால்ல ஐயா, எல்லாருக்கும் ஆகறதுதான்” என்றான். இந்தப் போன் கைக்கு வந்த நாளிலிருந்து இவ்வளவு பொறுமையாக எனக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. இதைப் படித்தால் என் மகனுக்கு வருத்தமாக இருக்கும், ஆனால் உண்மை அதுதான்.

வீட்டுக்காரி அவள் போனை டியூப்லைட்டுக்கு நேரே ஆடாமல் பிடித்துக்கொண்டாள், நான் என் போனால் அதை ஸ்கேன் செய்தேன். 11,400 என்று வந்தது. திரும்ப வர வேண்டிய தொகை அதுதானே, சரியாக இருக்கிறது என்று பின் நம்பரைப் போட்டேன். அதற்கு மேலே என்ன எழுதியிருந்தது என்று பார்க்கவில்லை, கண்ணாடி டிவி மேல் இருந்தது. டிங் என்று சத்தம் வந்தது. இரண்டாவது 11,400-ம் போனது.

“ஐயா இன்னும் வரலையே, இன்னொரு தடவை பண்ணுங்க” என்றான். அப்போதுதான் அவள் கேட்டாள், அதுவரை ஒன்றுமே பேசாதவள்: “நமக்குப் பணம் வர்றதுக்கு எதுக்கு நம்ம நம்பரைப் போடணும்? வாங்குன கடனைத் திருப்பிக் கொடுக்கிறவன் நம்ம பீரோ சாவியையா கேப்பான்?” போனை வைத்துவிட்டேன். அவளுக்கு ஜிபே என்றால் என்ன என்றே தெரியாது. ஆனால் விஷயம் அவ்வளவுதான், பணம் வாங்க எந்தக் காலத்திலும் பின் நம்பர் வேண்டாம், பின் போட்டால் போகிறது என்று அர்த்தம்.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். யாரிடமும் சொல்லவில்லை. சைபர் குற்றத்துக்கு 1930 என்று ஒரு நம்பர் இருப்பது டிவியில் எத்தனையோ தடவை காதில் விழுந்ததுதான். உடனே கூப்பிட்டால் பணம் அவன் கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கப் பார்ப்பார்கள். நான் ஞாயிறு முழுக்க வெட்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாற்பது வருஷமாகக் காசு பார்க்கிறவன், ஊருக்கெல்லாம் போலி எது என்று சொல்கிறவன், எப்படிப் போய்ச் சொல்வது? திங்கட்கிழமை உண்மையான விற்பவரே கூப்பிட்டார், “அண்ணாச்சி, காசு எடுத்து வச்சிருக்கேன், பணம் எப்ப போடுதிய?” அந்த ‘அண்ணாச்சி’யைக் கேட்டதும் எனக்குப் பேச்சு வரவில்லை. அப்புறம் மகனுக்குப் போன் செய்து, 1930-ல் சொல்லி, சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் என்ற தளத்திலும் பதிவு செய்தோம். முடக்க முடிந்தது 2,150 ரூபாய். மீதி சனிக்கிழமை இரவே கைமாறிவிட்டது.

குழுவில் சொன்னேன். அட்மின், “பேமெண்ட் விஷயத்துக்கு குரூப் பொறுப்பல்ல, ரூல்ஸில் இருக்கிறது” என்றார். இருக்கலாம். ஆனால் எழுநூறு பேருக்கு மேல் இருக்கிற குழு, அழைப்பு லிங்க் ஃபேஸ்புக்கில் திறந்து கிடக்கிறது, எவன் வேண்டுமானாலும் உள்ளே வந்து யார் ஜெயித்தார்கள், எவ்வளவுக்கு, அவர் நம்பர் என்ன என்று உட்கார்ந்து பார்க்கலாம். ‘சோல்ட்’ போடும்போதே பணம் போக வேண்டிய நம்பரையும் சேர்த்துப் போட்டால் என்ன குறைந்துவிடும்? இதைக் கேட்டதற்கு ஓர் இளைஞர், “வயசானவங்களுக்கு ஆன்லைன் செட் ஆகாது, கண்காட்சிக்கே வாங்க” என்று சிரிப்புப் பொம்மையோடு போட்டார். அதே தம்பி போன தீபாவளிக்கு ஒரு சோழர் காசைத் தலைகீழாகப் படம் பிடித்துப் போட்டு, நிற்பது யார் உட்கார்ந்திருப்பது யார் என்று என்னிடம்தான் கேட்டார். திட்டவில்லை. குழுவை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

அதன் பிறகுதான் மற்றவர்கள் வாயைத் திறந்தார்கள். எங்கள் ஊர் ஸ்டாம்பு சேர்க்கிற வாத்தியார், டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய் நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்ற வீடியோவை நம்பி, முதலில் ‘ரிஜிஸ்ட்ரேஷன்’, அப்புறம் ‘வரி’ என்று கட்டிக்கொண்டே போயிருக்கிறார், ரிசர்வ் வங்கி சின்னம் போட்ட ரசீது வேறு கொடுத்திருக்கிறார்கள். பழைய நோட்டு, காசு வாங்கி விற்கும் வேலையில் தாங்கள் இல்லை, அதற்குக் கமிஷனோ வரியோ கேட்பதும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரிக்கை விட்டிருக்கிறது. வாத்தியாரும் வீட்டில் சொல்லவில்லை. டீக்கடையில் என்னிடம் சொல்லும்போதுகூடக் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

இப்போது நான் செய்வது: ஏலத்தில் எடுத்தால், முன்பே சேமித்து வைத்த நம்பருக்கு நானே கூப்பிடுகிறேன், குரலைக் கேட்டுவிட்டுத்தான் பணம். காசு வாங்க வங்கியில் தனிக் கணக்கு ஒன்று திறந்து அதில் ஐயாயிரத்துக்கு மேல் வைப்பதில்லை, ஜிபேயும் அந்தக் கணக்கில் மட்டும்தான், பென்ஷன் கணக்கை அதிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன். மகன் இந்த முறை என் கையிலேயே போனை வைத்து, நானே அழுத்தி அழுத்திச் செய்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

அந்த 10 காசை விற்பவர் எனக்காக இரண்டு வாரம் நிறுத்தி வைத்திருந்தார், தவணையில் கொடுங்கள் அண்ணாச்சி என்றும் சொன்னார், எனக்கு மனசு வரவில்லை. இரண்டாவதாகக் கேட்டவருக்குப் போய்விட்டது. அவர் நாகப்பட்டினத்துக்காரராம், விஷயம் கேள்விப்பட்டு, வந்து கையில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரம் ஆகும், அடுத்த வாரம் போகலாம் என்றிருக்கிறேன்.