525 மடங்கு என்று சொன்னால் காசைக் கட்டாதீர்கள்

கிளிநொச்சியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். படத்தை வெறுமனே ஊதிக் காட்டும் டிஜிட்டல் சூம் எத்தனை என்று கேட்டுக் கமரா வாங்க வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறவன். அந்த நானே முகநூல் விளம்பரத்தில், வானம் பார்க்கும் தொலைகாட்டி (டெலஸ்கோப்) ஒன்றின் பெட்டியில் '525 மடங்கு' என்று இருந்ததைப் பார்த்து 64,000 ரூபாயை விட்டிருக்கிறேன்.

இரணைமடுக் குளக்கட்டில் நின்று பால்வீதியைப் படம் எடுப்பது என் பழக்கம். அடுத்ததாக ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்தை எடுக்க ஆசை. வைகாசி இரவில் தெற்கே, தண்ணீருக்கு மேலே 33 பாகை உயரத்தில், சின்னப் பஞ்சுத்துண்டு போலத் தெரியும். லண்டனில் இருக்கிற என் தம்பிக்கு அது அடிவானத்துக்கு மேலே வரவே வராது. சரி, அவனுக்குக் காட்டலாமே என்றுதான் அந்த முகநூல் விளம்பரக்காரருக்கு எழுதினேன். "இதால எடுத்ததுதான் அண்ணை" என்று ஒரு படம் அனுப்பினார். வன்னிக்குச் சாமான் வந்தபிறகு காசு வாங்கும் முறை இல்லையாம், முழுவதையும் வங்கியில் போடச் சொன்னார். போட்டேன்.

பதினொரு நாளில் பெட்டி வந்தது. ஸ்டாண்டின் கால்கள் குடைக்கம்பி மாதிரி. குழாயை விரலால் தொட்டால் உள்ளே தெரிவது ஆறு நொடிக்கு ஆடும். உள்ளே வெளிச்சத்தைச் சேர்க்கும் கண்ணாடி 76 மில்லிமீற்றர் அகலம், அதன் குவியத்தூரம் 700 மில்லிமீற்றர். கண்ணை வைத்துப் பார்க்கிற வில்லையான ஐபீஸில் 4 மில்லிமீற்றரைப் போட்டால் 175 மடங்கு. கூட வந்த பிளாஸ்டிக் பார்லோ வில்லை அதை மூன்றால் பெருக்கி 525 ஆக்குகிறது. கணக்குப் பிழையில்லை. ஆனால் அந்த அளவுக் கண்ணாடி தாங்குவது 150 மடங்குதான். அதற்கு மேலே போனால் இருக்கிற கொஞ்ச வெளிச்சமும் பரவி, வெறும் சாம்பல் நிறம்தான் மிஞ்சும். 20 மில்லிமீற்றர் ஐபீஸில், 35 மடங்கில், கொத்து அழகாகவே தெரிந்தது. பொய் சொல்லக்கூடாது.

படம் எடுக்கப் போனால் கதை வேறு. கமராவை மாட்டியதும் குழாய் தலை குனிந்தது. பூமி சுற்றுவதைத் தொடர்ந்து நகரும் மோட்டார் இல்லாததால் ஒரே நொடியில் நட்சத்திரங்கள் கோடாகிவிட்டன. என் பழைய 50 மில்லிமீற்றர் லென்ஸில் பத்துப் பத்து நொடியாக நிறைய எடுத்து, கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியதில் வந்த படம் இதைவிட எவ்வளவோ மேல்.

அவர் அனுப்பிய படம் 1995இல் ஹபிள் விண்வெளித் தொலைகாட்டி எடுத்த 'படைப்பின் தூண்கள்' என்ற வாயுமேகப் படம் என்று பிறகுதான் விளங்கியது. ஹபிளின் கண்ணாடி 2.4 மீற்றர்! கேட்டதற்கு, "உங்கட பக்கம் முகில் கூட அண்ணை" என்று குரல்பதிவு வந்தது. அப்புறம் என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார்.

காசு போனது போகட்டும். பெட்டிக்குள் ஐபீஸில் திருகுகிற ஒரு கறுப்புக் கண்ணாடியும் இருந்தது, சூரியன் பார்க்கவாம். 2019 டிசம்பர் 26 வளைய கிரகணத்தை இங்கே பார்த்த ஆசை பிள்ளைகளுக்கு இன்னும் இருக்கிறது. மகள் அதைத்தான் முதலில் கையில் எடுத்தாள். குவிந்து வரும் வெயில் முழுவதும் அந்தச் சின்ன வட்டத்தில் விழும். சூட்டில் அது வெடித்தால் கண் அந்த நொடியே போய்விடும். சூரிய வடிகட்டி குழாயின் வாயில் போடுவதாக இருக்க வேண்டும். என்னுடையதைச் சுத்தியலால் அடித்து நொறுக்கினேன். இதே பெட்டியை ஏற்கெனவே வாங்கியவர்கள் இன்றைக்கே அதைத் தேடி எடுத்து உடையுங்கள்.