எந்த ரூட்டு தம்பி? – நாலு வருஷம் பயன்படுத்திய வங்கி ஆப் பற்றி

மனைவியின் தம்பிக்குப் புது வேலை. சம்பளக் கணக்கை நான் வைத்திருக்கும் அதே வங்கியில் திறந்திருக்கிறார்கள். "மாமா, அவங்க ஆப் எப்படி? நீங்கதான் நாலு வருஷமா வச்சிருக்கீங்களே" என்று போன வாரம் கேட்டான். "நல்லாத்தான் இருக்கு மாப்ள" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகுதான் சித்திரையில் அந்த ஆப் என்னைப் படுத்திய நாலு நாள் ஞாபகத்துக்கு வந்தது. வங்கியின் பெயர் வேண்டாம். கதையை மட்டும் சொல்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் விட்டுப்போகும். பச்சமலை டாப்செங்காட்டுப்பட்டியில் ஒரே ஒரு கோடு சிக்னலில் பலாப்பழத்துக்குப் பணம் அனுப்பினேன். கூட வந்தவர்களின் ஆப்கள் வட்டமடித்துக்கொண்டிருந்தபோது இது வேலையை முடித்திருந்தது. எஃப்டி போட இரண்டு நிமிடம். பாஸ்புக் அச்சடிக்க வங்கி வாசலில் நின்று இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

இனி அந்த வெள்ளிக்கிழமை. துறையூரில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருக்கிறேன். திருச்சியில் இருந்து பேப்பர் லோடு வர வேண்டும், 18,400 ரூபாய் அனுப்பினால்தான் வண்டியில் ஏற்றுவார்கள். ஆப்பைத் திறந்தேன். கடவு எண் போடும் கட்டம் வரவில்லை. ‘இந்தச் சாதனம் ரூட் செய்யப்பட்டுள்ளது. பாதுகாப்பு கருதி ஆப் மூடப்படும்’ என்று ஒரு பெட்டி, அடியில் ‘ஓகே’ என்று ஒரே பொத்தான். எதுக்கு ஓகே? அமுக்கினால் ஆப் மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான். ரூட் என்றால் போனின் பாதுகாப்பு வேலியைத் தாண்டி, அதன் முழு அதிகாரத்தையும் கையில் எடுத்துக்கொள்வது.

"ரூட்டுங்கிறான்" என்று நான் முணுமுணுத்தது ஓய்வூதிய உயிர்வாழ் சான்றுக்காக உட்கார்ந்திருந்த பெரியவர் காதில் விழுந்தது. "எந்த ரூட்டு தம்பி? முசிறி ரூட்டா?" என்றார்.

ஊரில் பாதிப் பேருக்கு இந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தவன் நான். என் போனுக்கே குற்றப்பத்திரிகை. கடையில் நாலு பேர் முன்னால் ஏதோ திருட்டு வேலை செய்து மாட்டிய மாதிரி ஆகிவிட்டது.

சோதனை கூடாது என்று சொல்ல மாட்டேன். ரூட் செய்த போனில் ஒரு ஆப் இன்னொரு ஆப்பின் தனியறைக்குள் புகுந்து பார்க்கலாம். அடிப்படைத் தகுதி இருக்கும் சாதனத்தில் மட்டும் ஆப்பை ஓட விடுங்கள் என்று 2021 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. பூட்டுப் போடட்டும். ஆனால் அதே நிமிடம், அதே போனில், அதே வங்கிக் கணக்கை இணைத்து வைத்திருந்த வேறொரு யுபிஐ ஆப் ஜோராக ஓடியது. கணினியில் நெட்பேங்கிங் திறந்தால், அதற்கான ஓடிபி இந்தக் ‘கெட்டுப்போன’ போனுக்குத்தான் வந்தது! நம்பாத போனுக்கு எதற்கய்யா ஓடிபி?

ஆப் செய்பவர்களுக்கான டெவலப்பர் ஆப்ஷன்ஸ், கணினியில் இருந்து போனைக் கையாள விடும் யுஎஸ்பி டீபக்கிங் இரண்டும் கடை வேலைக்காக ஆன் செய்து வைத்திருந்தேன். அணைத்தேன். அதே பெட்டி. ப்ளே ஸ்டோர் அமைப்புகளில் ‘எபௌட்’ பகுதிக்குப் போனால் கூகுள் அங்கீகரித்த போன்தானா என்று சொல்லும் ப்ளே ப்ரொடெக்ட் சான்றிதழ் இருக்கும். ‘சான்றளிக்கப்பட்ட சாதனம்’ என்றே காட்டியது. அங்கேயே பதிப்பு எண்ணை ஏழு முறை தட்டினால் ப்ளே ஸ்டோருக்கான தனி டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதில் போனின் மென்பொருளில் யாரும் கைவைக்கவில்லையா என்று பார்க்கும் இன்டெக்ரிட்டி சோதனை செய்யலாம். அதிலும் தேறியது. போனை அணைத்துப் போட்டேன். போனைக் கிளப்பிவிடும் பூட்லோடர் என்ற நிரலின் பூட்டு திறந்திருந்தால் ஆரம்பத்திலேயே எச்சரிக்கைத் திரை வரும், வரவில்லை. கூகுள் சுத்தம் என்கிறது, என் வங்கி மட்டும் மாட்டேன் என்கிறது. சந்தேகத்துக்கு ஒரு ரூட் செக்கர் ஆப்பையும் இறக்கிப் பார்த்தேன். ‘ரூட் இல்லை’ என்று பச்சையில் காட்டியது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வாடிக்கையாளர் சேவைக்குப் போட்டேன். அந்தத் தம்பி, "ஃபேக்டரி ரீசெட் பண்ணிடுங்க சார்" என்றார். நிஜமாகவே ரூட் செய்த போனுக்கு ரீசெட் அடித்தால் கல்யாண போட்டோ போகும், ரூட் பெரும்பாலும் அப்படியே இருக்கும். இது தெரியாதவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது அவர் தப்பில்லை. கிளையிலோ, "நீங்க ஏதாச்சும் பண்ணியிருப்பீங்க சார்" என்று சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு கொடுத்த கடுப்பில்தான் செய்யக்கூடாததைச் செய்தேன். ஆப்பின் டேட்டாவை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினேன். பெட்டி அப்போதும் வந்தது. கூடவே இருந்த பதிவும் போயிற்று. மறுபடி பதிய வங்கியில் கொடுத்த நம்பரில் இருந்து எஸ்எம்எஸ் போக வேண்டும், அந்த இரண்டாவது சிம்மில் ரீசார்ஜ் முடிந்து ஒரு வாரம். யுபிஐயில் புதிதாய்ப் பதிந்தால் முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய் வரம்பு வேறு. முதல் வேலையாக டேட்டாவை அழிக்காதீர்கள். கடைசியிலும் யோசித்துச் செய்யுங்கள். பேப்பர் பணத்தைக் கடைசியில் நெட்பேங்கிங்கில்தான் அனுப்பினேன்.

திங்கள் ராத்திரி கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். இருந்த ஆப்களில் பாதியை நீக்குவது, வங்கி ஆப்பைத் திறந்து பார்ப்பது, மீதியில் பாதியை நீக்குவது. பதினொன்றரைக்கு ஒரு பழைய ஃபைல் மேனேஜர் மேல் சந்தேகம் விழுந்தது. அதில் ‘ரூட் எக்ஸ்ப்ளோரர்’ என்று ஒரு வசதி உண்டு, நான் தொட்டதே இல்லை. நீக்கினேன். பெட்டி மறுபடி வந்தது. அடுத்தது ரூட் செக்கர். நீக்கினேன். புதிதாகப் பதியச் சொல்லும் திரை வந்து நின்றது!

நம்பாமல் இரண்டையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். எதைப் போட்டாலும் ஆப் செத்தது. முதல் குற்றவாளி ஃபைல் மேனேஜர். திருடன் இருக்கிறானா என்று பார்க்க நானே கூட்டி வந்த காவல்காரன் இரண்டாவது குற்றவாளி. போனில் என்ன நடக்கிறது என்று இந்த ஆப் ஆராயவில்லை. பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

இந்த வகைச் சோதனைக்கு ரூட்பியர் என்று ஒரு இலவச நிரல் தொகுப்பு உண்டு. ரூட்டை நூறு சதவீதம் கண்டுபிடிக்க வழியில்லை, நாங்கள் காட்டுவது அறிகுறி மட்டுமே என்று செய்தவர்களே அதன் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். பிஸிபாக்ஸ் என்ற கருவியைச் சில கம்பெனிகள் போனிலேயே விட்டுவிடுவதால் தப்பான எச்சரிக்கை வரலாம் என்றும் சொல்கிறார்கள். செய்தவர்களுக்கு இருக்கும் அந்த அடக்கம் என் வங்கியின் பெட்டியில் இல்லை. ‘இன்ன ஆப் இருப்பதால் திறக்க முடியவில்லை’ என்று ஒரு வரி போட்டிருந்தால் எனக்கு நாலு நாள் மிச்சம்.

இதே பெட்டி வந்தால் ரூட்டை மறைத்துத் தருகிறேன் என்று வீடியோ போடுபவர்கள் பக்கம் போகாதீர்கள். அதற்கு முதலில் நிஜமாகவே ரூட் செய்ய வேண்டும். எங்கிருந்தோ ஏபிகே (ப்ளே ஸ்டோருக்கு வெளியே கிடைக்கும் ஆப் கோப்பு) இறக்கவும் வேண்டாம். ஸ்க்ரீன்ஷாட்டுடன் வங்கிக்குப் புகார் எழுதி எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்பட்ஸ்மேனிடம் போகலாம். என் புகாருக்கு ஒன்பதாம் நாள் பதில் வந்தது: ஃபேக்டரி ரீசெட் செய்யவும்.

இத்தனைக்கும் பிறகு ப்ளே ஸ்டோரில் இரண்டு நட்சத்திரம்தான் கொடுத்திருக்கிறேன், ஏற்ற மாட்டேன். ஆனால் போன மாதம் கடைக் கணக்கையும் இந்த வங்கிக்கே மாற்றினேன். ஏன் என்று என் மனைவியும் கேட்டாள். சரியான பதில் இல்லை, பச்சமலைச் சிக்னலில் வேறெதுவும் ஓடவில்லையே என்றேன்.

மாப்பிள்ளைக்கு நேற்று ராத்திரி மெசேஜ் போட்டேன்: "போட்டுக்கோ மாப்ள. அதுக்கு முன்னாடி உன் போன்ல என்னென்ன ஆப் இருக்குன்னு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பு."