கைத்தாங்கல் தரும் ரோபோக்கள்: எதை நம்பி வாங்கலாம்?

முதியவர்கள் விழாமல் காக்கும் என்று சொல்லி விற்கப்படும் ரோபோக்கள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கும்: வீட்டுக்குள் சுற்றிவந்து கண்காணிப்பவை, கையில் பிடித்தபடி நடக்கும் மோட்டார் வாக்கர்கள், உட்கார்ந்திருப்பவரை எழுப்பி நிறுத்துபவை. விலை, தோற்றம், செல்பேசிச் செயலி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு கேள்வியை வைத்து இவற்றை எடைபோட்டிருக்கிறோம். நிலை தடுமாறும் அந்த நொடியில் இயந்திரம் எங்கே இருக்கிறது?

அந்த நேரம் மிகக் குறைவு. நின்றுகொண்டிருப்பவர் சாய்ந்து தரையில் மோத ஏறக்குறைய ஒரு நொடிதான் ஆகும். எதனால் சாய்கிறார் என்பதிலும் நம்மில் பலருக்குத் தப்பான எண்ணம் இருக்கிறது. கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் ரோபினோவிச் குழுவினர், முதியோர் இல்லங்களின் பொது இடங்களில் கேமராவில் பதிவான 227 நிகழ்வுகளை அலசி 2013இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வழுக்கி விழுந்தவை 3 சதவீதம்தான். கால் இடறி விழுந்தவை 21 சதவீதம். உடலின் எடையைத் தவறாக மாற்றியதால் விழுந்தவை 41 சதவீதம். எழும்போது, திரும்பும்போது, உட்காரப் போகும்போது பாரம் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குச் சரியாகப் போய்ச் சேராததுதான் முதல் எதிரி. குளியலறையில் கேமரா இல்லாததால் அங்கே நடப்பது இந்தக் கணக்கில் வராது. குளியலறைக்கு ரோபோவே வேண்டாம், சுவரில் அழுத்தமாகப் பதித்த கைப்பிடிக் கம்பி போதும் என்பது எங்கள் கருத்து.

சுற்றிவரும் கண்காணிப்பு ரோபோ இந்தக் கேள்வியில் தோற்றுப்போகிறது. கூடத்தின் மறுகோடியில் நிற்கும் ஒன்று ஒரு நொடிக்குள் வந்து யாரையும் தாங்க முடியாது. விழுந்தவரைக் கண்டு வீட்டாருக்குச் செய்தி அனுப்புவதுதான் அதன் வேலை. அதை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. எழ முடியாமல் தரையில் மணிக்கணக்கில் கிடப்பவருக்கு நீரிழப்பு, அழுத்தப் புண், தசை சிதைந்து சிறுநீரகம் கெடுவது என்று அடுக்கடுக்காக ஆபத்து வரும். சீக்கிரம் ஆள் வந்துசேர்வது உயிரையே காக்கும். ஆனால் அதற்குப் பெயர் தடுப்பு அல்ல. கட்டிலைவிட்டு எழுந்தால் மணியடிக்கும் வசதியும் அப்படித்தான்: மருத்துவமனைகளில் படுக்கை அலாரங்களின் பயன்பாட்டை அதிகரித்துப் பார்த்து 2012இல் வெளியான ஆய்வில், விழுவது குறிப்பிடும்படி குறையவில்லை. மணி அடிக்கும் நேரத்தில் அவர் பெரும்பாலும் எழுந்து நின்றிருப்பார்.

இந்த வகை தடுப்புக்கு உதவுவது இரண்டு இடங்களில். இரவில் எழுபவருக்குக் கழிப்பறை வரை விளக்கேற்றுவது ஒன்று. தரையில் கிடக்கும் பொருளைக் கண்டு சொல்வது இன்னொன்று. முதலாவது நன்றாக நடக்கிறது. இரண்டாவதில் கவனம் தேவை. லேசர் சென்சார் பெரும்பாலும் ஒரே உயரத்தில் கிடைமட்டமாகத்தான் பார்க்கும். மேசைக்கால் தெரியும், தரையோடு ஒட்டிக் கிடக்கும் சார்ஜர் வயர் தெரியாது. கண்ணாடிக் கதவும் அதற்குத் தெரியாமல் போகலாம். கறுப்புத் தரைவிரிப்பைப் பள்ளம் என்று எண்ணி அப்படியே நின்றுவிடும் ரகங்களும் உண்டு. வாங்குமுன் விளக்கை அணைத்துவிட்டு, வழியில் ஒரு வயரையும் கசங்கிய துணியையும் போட்டுச் சோதியுங்கள். கணுக்கால் உயரமே உள்ள சிறிய ரோபோவாக இருந்தால் இருட்டில் அதுவே காலை இடறும். இரவில் அதை நிறுத்தும் இடம் கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இருக்கக் கூடாது.

மோட்டார் வாக்கருக்குத்தான் எங்கள் முதலிடம். காரணம் எளிது: தடுமாறும்போது அது ஏற்கெனவே கையில் இருக்கிறது. கைப்பிடியில் உள்ள சென்சார் எவ்வளவு அழுத்தித் தள்ளுகிறார் என்று அளக்கும். அதற்கேற்ப மோட்டார் சக்கரத்தை உருட்டும் அல்லது பிடிக்கும். ஏற்றத்தில் உந்தும், இறக்கத்தில் தானே பிரேக் போடும். சாதாரண நாலுசக்கர வாக்கர் இறக்கத்தில் கையைவிட்டு முன்னே ஓடும். பின்னால் இருப்பவர் குனிந்துகொண்டே துரத்துவார். அந்த ஒரு ஆபத்தைத் தீர்ப்பதற்காகவே இதற்குப் பணம் கொடுக்கலாம்.

ஆனால் மோட்டார் புதிய ஆபத்து ஒன்றையும் கொண்டுவருகிறது. நாற்காலியில் இருந்து எழும்போது பலர் வாக்கரின் கைப்பிடியைத் தம்மை நோக்கி இழுத்துத்தான் எழுகிறார்கள். சில இயந்திரங்கள் அந்த இழுப்பைப் ‘பின்னால் வா’ என்ற கட்டளையாக எடுத்துக்கொள்ளும். இடுப்பு இருக்கையைவிட்டு நாலு விரல் எழும்பியிருக்கும், முழங்கால் இன்னும் மடங்கியிருக்கும், பிடிமானமாக நினைத்த கம்பி மார்பை நோக்கி வந்துகொண்டிருக்கும். பாரம் குதிகாலுக்குப் போய், அவர் மல்லாக்க விழுவார். நல்ல வாக்கர் திடீர் இழுப்பை உணர்ந்தால் சக்கரத்தைப் பூட்டும். பின்னோக்கிப் போவதையும் ஊர்ந்து செல்லும் வேகத்துக்கு மேல் விடாது. கடையில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். இளையவர் ஒருவர் உட்கார்ந்து, வேண்டுமென்றே கைப்பிடியை இழுத்து எழட்டும். வாக்கர் ஒரு அடி பின்னால் வந்தாலும் அந்த ரகம் வேண்டாம். இயந்திரம் எதுவாக இருந்தாலும், எழும்போது இரு கைகளாலும் நாற்காலியின் கைகளை ஊன்றி எழுந்து, நிமிர்ந்த பிறகே வாக்கரைப் பிடிக்கப் பழக்க வேண்டும்.

அடுத்து, நடந்துகொண்டிருக்கும்போதே இரு கைகளையும் எடுங்கள். ஒரு பாத நீளத்துக்குள் நிற்க வேண்டும். ஒரு கையால் மட்டும் தள்ளுங்கள்; பக்கவாதம் வந்தவருக்கு இது முக்கியம். வண்டி ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டே போனால் இடது வலது உணர்திறனைத் தனித்தனியாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். உள்ளங்கையை நனைத்துப் பிடித்துப் பாருங்கள். தொடுதலை மட்டும் நம்பும் சென்சார்கள் ஈரத்தில் குழம்பி, கையை எடுத்த பிறகும் பிடித்திருப்பதாக எண்ணும். பிறகு ஓடும்போதே மின்சாரத்தை அணையுங்கள். பேட்டரி தீர்ந்தால் சக்கரம் தளர்ந்து உருளுமா, பூட்டிக்கொள்ளுமா? எங்கள் தேர்வு பூட்டிக்கொள்வது, அதோடு மோட்டாரின் துணையில்லாமல் வேலை செய்யும் கைப்பிரேக்கும் இருப்பது.

அமைப்பிலும் தவறுகள் நடக்கின்றன. கைகளைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நிற்கும்போது கைப்பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும். பிடித்தால் முழங்கை லேசாக மடங்கும். உயரம் கூடினால் தோள் தூக்கிக்கொள்ளும், குறைந்தால் முதுகு வளையும். மோட்டாரின் உந்துதலை முதல் வாரம் மிகக் குறைத்து வையுங்கள். விற்பவர்கள் ‘பூப்போல நகர்கிறது’ என்று காட்ட அதைக் கூட்டியே வைத்திருப்பார்கள். தளர்ந்த நடைக்கு அது எதிரி. பார்கின்சன் என்னும் நடுக்குவாத நோய் உள்ளவரின் அடிகள் சிறுத்து வேகமெடுக்கும்போது உந்துதல் கூடினால் நிலைமை மோசமாகும். உடலுக்கும் வாக்கரின் சட்டகத்துக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து, இடுப்பு பின்தங்கினால் தானே வேகம் குறைக்கும் ரகம் அவர்களுக்கு ஏற்றது. திரும்பும்போது உள்பக்கக் கால் பின்சக்கரத்தில் இடிக்கிறதா என்றும் கவனியுங்கள். வீட்டின் மிகக் குறுகிய கதவை அளந்து, வாக்கரின் அகலத்துக்குப் பிறகும் இரு பக்கமும் விரல் நசுங்காத இடம் மிஞ்சுமா என்று பாருங்கள். மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்தால் எடை கூடிவிடும். மாடிப்படி உள்ள வீட்டில் தளத்துக்கு ஒன்று தேவைப்படும்.

எழுப்பி நிறுத்தும் ரோபோக்கள், பராமரிப்பவர் பக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு நல்லவை. மார்பையும் முழங்காலையும் தாங்கி, முன்னே சாய்த்து எழுப்பும் முறை உடலின் இயல்புக்கு ஒத்துப்போகிறது. பார்க்க வேண்டியது எழுப்பும் வேகம். படுத்திருந்தவர் எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் ரத்த அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 புள்ளி இறங்கினால் தலைசுற்றி விழ வாய்ப்பு அதிகம். எனவே, பாதி வழியில் நிறுத்தி உட்கார்ந்த நிலையிலேயே காத்திருக்க முடியாத இயந்திரத்தை இப்படிப்பட்டவர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது.

விழும்போதே பிடித்துக்கொள்ளும் ரோபோ? அது இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் காட்டிய ஈ-பார், சுமார் 100 கிலோ எடையுள்ள அடிப்பகுதியோடு பின்தொடர்ந்து வந்து, இருபக்கக் கைகளில் உள்ள காற்றுப்பைகளை ஊதி, விழுபவரைத் தாங்குகிறது. உடலில் பட்டை எதுவும் கட்ட வேண்டியதில்லை என்பது அருமையான யோசனை. அறிமுகமானபோது அதை ரிமோட் வைத்துத்தான் இயக்கினார்கள். ஜப்பானின் ரிக்கென் நிறுவனம் 2015இல் காட்டிய, நோயாளியைத் தூக்கி மாற்றும் ரோபியர் என்ற ரோபோ 140 கிலோ. ஒரு மனிதரின் பாரத்தைத் தாங்கியும் கவிழாமல் இருக்க இவ்வளவு எடை வேண்டியிருக்கிறது. சின்ன அறைகளுக்குள் இதைக் கொண்டுவருவதுதான் தீராத சிக்கல். ஆகவே, இப்போது கடையில் ஒருவர் ‘இது பிடித்துவிடும்’ என்றால், ஒரு ஆளை நிஜமாகச் சாய வைத்துக் காட்டச் சொல்லுங்கள். தனிமனிதப் பராமரிப்பு ரோபோக்களுக்கான ஐஎஸ்ஓ 13482 பாதுகாப்புத் தரச்சான்று இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

எதை வாங்கினாலும் ஒரு வாரமாவது வீட்டில் வைத்துப் பார்த்துத் திருப்பித் தரும் உரிமையைக் கேட்டு வாங்குங்கள். வாக்கர் வாங்கினால் சார்ஜ் செய்யும் இடத்தைக் கட்டிலில் உட்கார்ந்தபடியே கை எட்டும் தூரத்தில், வயர் சுவரோரமாகப் போகும்படி அமையுங்கள். அறையின் மூலையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் வாக்கரை எடுக்க, விடியற்காலையில் அவர் கைத்தாங்கல் இல்லாமல் அந்த நாலு அடியை நடந்தாக வேண்டியிருக்கும்.