போனில் கார்டு எண்ணைச் சொன்னேன், 47,360 ரூபாய் போய்விட்டது

47,360 ரூபாய். எங்கள் பட்டறைக் கணக்கில் சொன்னால் 23,680 பீஸ். ஒரு பனியனைத் தைத்துக் கொடுத்தால் கூலி, நூல், கரண்ட் எல்லாம் போக எனக்கு நிற்பது இரண்டு ரூபாய். போன வியாழக்கிழமை பகலுக்கும் வெள்ளிக்கிழமை விடியலுக்கும் நடுவில் அத்தனை பீஸும் காற்றில் போய்விட்டன. யாரும் வீடு புகுந்து திருடவில்லை. நானே கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக வாசித்துக் காட்டினேன். இனி யாரும் இப்படி ஏமாறக் கூடாது என்பதற்காகக் கடைசியில் விவரமாகச் சில யோசனைகள் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் வயிற்றெரிச்சல் அடங்காது.

திருப்பூர் 15 வேலம்பாளையத்தில் வீட்டு மாடியில் ஆறு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறேன். அதில் பவர் டேபிள் என்கிற தையல் மெஷின் இரண்டில் இன்னும் பழைய கிளட்ச் மோட்டார்தான். தைத்தாலும் தைக்காவிட்டாலும் சுவிட்சைப் போட்டால் அது உறுமிக்கொண்டே சுற்றும், மீட்டரும் கூடவே ஓடும். சர்வோ மோட்டார் பெடலை மிதித்தால்தான் சுற்றும். மாற்றிவிடலாம் என்று, தொழிற்சாலைச் சாமான்கள் வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைக்கும் பெரிய இணையதளம் ஒன்றில் தேடினேன். பெயர் சொல்லப்போவதில்லை. வழக்கு, வாய்தா என்று இன்னொரு செலவு தாங்காது. ஒரு மோட்டார் 5,900 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். விலை விசாரித்து எண்ணைக் கொடுத்தேன். டீயைக் குடித்து முடிப்பதற்குள் அழைப்பு வந்துவிட்டது.

இந்த இடத்தைத்தான் ஒரு வாரமாக நினைத்து நினைத்து என்னையே திட்டிக்கொள்கிறேன். அவன் இந்தியில் பேசியிருந்தால் வைத்திருப்பேன். மெட்ராஸ் தமிழில் பேசியிருந்தால்கூட இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டிருப்பேன். அவனோ அசல் நம் ஊர்ப் பேச்சு. "ஏனுங்கண்ணா, நல்லாருக்கீங்களா?" என்று தொடங்கினான். வார்த்தைக்கு வார்த்தை ஒரு 'ங்க'. அவினாசி சாலையில் கடை, சொந்த ஊர் சேவூர்ப் பக்கம் என்றான். எத்தனை மெஷின், ஓவர்லாக் எத்தனை, கிளட்ச் மோட்டார் எத்தனை வருடப் பழையது என்று தொழில் தெரிந்தவனாகக் கேட்டான். பழைய மோட்டாரைக் கொடுத்தால் ஒன்றுக்கு முந்நூறு ரூபாய் குறைத்துக்கொள்வதாகவும் சொன்னான். ஏமாற்ற வருகிறவன் பழைய இரும்புக்கு விலை பேசுவானா என்று மனம் சமாதானம் ஆகிவிட்டது.

நேரில் வந்து பணம் கட்டி எடுத்துக்கொள்கிறேன் என்றுதான் முதலில் சொன்னேன். சரக்கு கோவை குடோனில் இருக்கிறது, முழுப்பணம் கட்டினால்தான் அங்கிருந்து பில் போடுவார்கள் என்றான். கட்டுவதற்கு லிங்க் அனுப்பச் சொன்னேன். சர்வரில் கோளாறு, கார்டு விவரத்தைச் சொன்னால் இங்கிருந்தே போட்டுவிடுகிறேன் என்றான். வாசித்தேன். கட்டிங் டேபிள் மேல் கார்டை வைத்து, ஒட்டியிருந்த பஞ்சைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு வாசித்தேன். நடுவில் ஓர் இலக்கம் தேய்ந்து ஒன்றா ஏழா என்று தெரியவில்லை. "மெதுவாச் சொல்லுங்கண்ணா, அவசரமில்லைங்க" என்றான். அந்தப் பொறுமைக்குத்தான் நான் விழுந்தேன். காலாவதி மாதம், பின்பக்கத்து மூன்று இலக்கம், எல்லாம் சொன்னேன். யாரிடம் எண் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வீட்டுக்காரம்மா அயர்ன் டேபிளில் இருந்து கேட்டாள். பேசாமல் இரு என்று கையைக் காட்டினேன்! அடுத்து ஓடிபி வந்தது. யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அந்தச் செய்தியிலேயே இருக்கிறது. இரண்டு மோட்டாருக்கு 11,800 ரூபாய் என்று தொகை சரியாக இருந்ததால் அதையும் சொல்லிவிட்டேன்.

அன்று இரவு போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் படுத்தேன். காலை ஐந்தரைக்குப் பார்த்தால் மூன்று குறுஞ்செய்திகள். 12,430 ரூபாய், மறுபடியும் 12,430, அப்புறம் 10,700. மூன்றும் பெயரே வாயில் நுழையாத ஏதோ வெளிநாட்டுத் தளங்களில். ஒன்றுக்கும் ஓடிபி கேட்கவில்லை. நம் நாட்டு இணையக் கடைகளில் கார்டு போட்டால் ஓடிபி மாதிரி இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம், 2009-லிருந்தே ரிசர்வ் வங்கி விதி. வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றுக்கு அது தேவையில்லை. எண்ணும் தேதியும் அந்த மூன்று இலக்கமும் இருந்தால் போதும். மூன்றையும்தான் அவினாசி சாலைத் தம்பிக்குத் தாரை வார்த்திருந்தேனே. போன வருடம் பையனுக்கு வெளிநாட்டுத் தேர்வுக் கட்டணம் கட்டுவதற்காக வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்தேன், மூட மறந்தேன். என் பங்குத் தப்பு அது, மறைக்கவில்லை.

உடனே கார்டை முடக்கிவிட்டு அவனை அழைத்தேன். எடுத்தான்! சரக்கு கிளம்பிவிட்டது, மற்றதெல்லாம் உங்கள் வங்கியைக் கேளுங்கள் என்றான். மதியம் அழைத்தபோது பார்சல் பெருந்துறையில் நிற்பதாகச் சொன்னான். கோவையிலிருந்து திருப்பூர் வருகிற பார்சல் பெருந்துறைக்கு எதற்குப் போகிறது என்று கேட்டேன். லைன் துண்டானது. அதற்குப் பிறகு மணி அடிக்கிறது, எடுப்பதில்லை.

இணையதளத்துக்காரர்கள் அதைவிட மேல். உதவிப் பகுதியில் எதை எழுதினாலும் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரே பதில். நான்காம் நாள் ஒரு பெண் அழைத்தார். இருவரையும் சேர்த்துவைப்பது மட்டும்தான் எங்கள் வேலை, கொடுக்கல் வாங்கலுக்குப் பொறுப்பில்லை என்றார். அப்படியானால் அவன் கடைப் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக் அடித்தது யார் அம்மா என்று கேட்டேன். மேலதிகாரியிடம் தெரிவிக்கிறேன் என்று வைத்துவிட்டார். இதை எழுதும் இந்த நிமிடம் வரை அந்தக் கடை அங்கே இருக்கிறது, அதே 5,900 ரூபாய்க்கு, அதே பச்சை டிக்கோடு.

வங்கிக் கிளைக்குப் போனால், கிரெடிட் கார்டு எங்கள் பிரிவு இல்லை, சென்னைக்குப் பேசுங்கள் என்றார்கள். சென்னைக்குப் பேசினால் ஒன்றை அழுத்து, ஐந்தை அழுத்து என்று இருபது நிமிடப் பாட்டு. கடைசியில் கிடைத்தவர் கேட்ட முதல் கேள்வி, ஓடிபி நீங்கள்தானே சொன்னீர்கள்? ஆமாம் என்றேன். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கையை எடுத்து வாசித்தார். ரகசிய விவரத்தை வாடிக்கையாளரே வெளியில் சொன்னால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை நடந்த நட்டம் முழுக்க அவருடையது. தெரிவித்த பிறகு நடப்பதுதான் வங்கியின் பொறுப்பு. நான் தெரிவித்தது ஐந்தே முக்காலுக்கு, மூன்றும் முடிந்தது ராத்திரி இரண்டு மணிக்குள். போனைச் சத்தத்தோடு வைத்திருந்தால் முதல் செய்தியிலேயே முடக்கி மிச்சத்தையாவது காப்பாற்றியிருப்பேன். வெளிநாட்டுத் தொகைக்கு மட்டும் தகராறுப் படிவம் கொடுங்கள், பார்க்கிறோம் என்றார். சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகாரும் பதிந்தாயிற்று.

இதில் இன்னொரு வேடிக்கை. கார்டு எண்ணை எந்தக் கடையும் சேமித்து வைக்கக் கூடாது என்று 2022 அக்டோபரிலிருந்து விதி இருக்கிறதாம், மச்சான் சொன்னான். நல்ல விதிதான். போனில் கேட்டு நோட்டில் எழுதிவைப்பவனை அது என்ன செய்யும்?

சனிக்கிழமைச் சம்பளத்துக்கு மச்சானிடம் கைமாற்று வாங்கித்தான் கொடுத்தேன். கிளட்ச் மோட்டார் இரண்டும் இப்போதும் உறுமிக்கொண்டுதான் இருக்கின்றன.

யோசனைகள் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். கீழே வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்பக்கத்து மூன்று இலக்கத்தைப் பெற்ற பிள்ளை கேட்டாலும் போனில் சொல்லாதீர்கள். ஓடிபியும் அப்படித்தான், தொகை சரியாக இருந்தாலும் சரி. கார்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் இதே கதைதான். வங்கிச் செயலியைத் திறந்து வெளிநாட்டுப் பயன்பாடு மூடியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், இணையச் செலவுக்கு உச்சவரம்பு வைக்கவும் அங்கேயே வழி இருக்கிறது. பணம் போனது தெரிந்தால் முதலில் கார்டை முடக்குங்கள், அடுத்து 1930. விற்பவனிடம் நியாயம் கேட்பதெல்லாம் அப்புறம்.

படிவத்தில் 35,560 மட்டும் எழுதச் சொன்னார்கள், மீதி 11,800 நானே ஓடிபி கொடுத்ததாம். நான் 47,360 என்றுதான் எழுதியிருக்கிறேன். வேண்டுமானால் அவர்கள் அடித்துத் திருத்திக்கொள்ளட்டும்.